வெடிக்கு முன்னால் சாவி யாரிடம்?

கேள்வி: குறும்படத்துக்கு ஒரு சிறிய வெடிப்பு தேவை. பட்டாசைப் பிரித்து மருந்தை எடுத்து நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. பட்டாசு மருந்து பற்றிக்கொள்ள நெருப்புகூட வேண்டாம். உராய்வோ நிலைமின்சாரமோ போதும். உரிமம் பெற்ற வெடி நிபுணரை அமர்த்தப் பணம் இல்லையென்றால் வெடிப்பைக் காட்டாமல் விடுங்கள். நடிகரின் முகத்தில் பளீரென்று ஓர் ஒளி, அதிரும் கேமரா, பின்னர் சேர்க்கும் ஓசை. பல காட்சிகளுக்கு இதுவே தாராளம்.

கேள்வி: வெடி வைக்கும்போது கைபேசி, வாக்கி-டாக்கி எல்லாவற்றையும் அணைக்கச் சொல்கிறார்கள். வெறும் சம்பிரதாயமா?

பதில்: இல்லவே இல்லை. வெடியைப் பற்றவைக்கும் மின் தீமூட்டியின் தலையில் மிக மெல்லிய கம்பியும் அதன்மேல் எளிதில் தீப்பற்றும் பூச்சும் இருக்கின்றன. சிறிய பாட்டரியே அதைப் பற்றவைத்துவிடும். அதிலிருந்து நீளும் இரு கம்பிகளும் ஆன்டெனாவாகச் செயல்படக்கூடியவை. பக்கத்தில் வாக்கி-டாக்கியில் பேசினால் அந்த அலையே கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டலாம். அதனால்தான், இணைக்கும் கடைசி நேரம் வரை இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கி வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெடிப்பெட்டியின், அதாவது வெடிக்க வைக்கும் பொத்தான் உள்ள பெட்டியின் சாவி, கம்பிகளை இணைக்கிறவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். சாவி பெட்டியிலேயே செருகியிருந்தால் அந்தத் தளத்தில் நான் நிற்கமாட்டேன்.

கேள்வி: பொத்தானை அழுத்தியும் வெடிக்கவில்லை. இயக்குநரோ அவசரப்படுத்துகிறார்!

பதில்: அவசரப்படட்டும். சாவியை எடுத்து, கம்பிகளைக் கழற்றி, முனைகளை முறுக்கிவிட்டுக் காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்பது வெடியைத் தயாரித்தவரின் குறிப்பில் இருக்கும். அதை முன்கூட்டியே அன்றைய படப்பிடிப்பு அட்டவணையில் சேர்த்துவிட்டால் சண்டை வராது. பிறகு நிபுணர் மட்டுமே அருகில் போகலாம்.

கேள்வி: ஒத்திகைக்குப் பிறகு வெடியை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வைத்தால் காட்சி நன்றாக வரும் என்கிறார் ஒளிப்பதிவாளர். சம்மதிக்கலாமா?

பதில்: மறுபடி ஒத்திகை பார்த்தால் மட்டும். 1982 ஜூலையில் கலிஃபோர்னியாவில் நடந்த படப்பிடிப்பில், தாழப் பறந்த ஹெலிகாப்டருக்கு மிக அருகே வெடிகள் வெடித்து அதன் வால் சுழலி சேதமடைந்தது. ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். விமானிக்கும் இயக்குநருக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லாததையும் விசாரணை அறிக்கை காரணமாகக் குறிப்பிட்டது. இடம், நேரம், அளவு எதை மாற்றினாலும் தளத்தில் உள்ள அனைவருக்கும் சொல்லுங்கள். “நிறுத்து” என்று குரல் கொடுக்கும் உரிமை கடைநிலை உதவியாளருக்கும் உண்டு.

கேள்வி: நடிகர்கள் என்ன உடுத்தலாம்?

பதில்: பருத்தி. நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தலைமுடிக்கு எளிதில் தீப்பற்றும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். 1984-இல் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் மைக்கேல் ஜாக்சனின் முடியே பற்றியது.

கேள்வி: கரியமில வாயு தீயணைப்பான் ஒன்று வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. காற்றைத் தடுத்து அதை அணைக்க முடியாது. எரியும் மருந்தோடு போராடாமல் விலகி நின்று, சுற்றியுள்ள துணி, மரம், திரைச்சீலைகளைக் காப்பாற்றுங்கள். அதற்கு நீர் தயாராக இருக்கட்டும். மக்னீசியம் எரிந்தால் மட்டும் நீரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உலர்ந்த மணல்தான். யாருக்காவது தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டியும் பற்பசையும் கூடாது.