லைக்கா மணிக்கூட்டில் கமரா எங்கே இருக்கிறது?

கேள்வி: கமராவைப் பார்த்துச் செய்த விலையுயர்ந்த மணிக்கூடுகள் வருகின்றனவே, சாயல் வெளித்தோற்றத்தில் மட்டுந்தானா?

பெரும்பாலானவற்றில் அப்படித்தான். விளிம்பில் லென்ஸ் வளையம் மாதிரிப் பல்லு வெட்டி, டயலில் எண்களைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஜேர்மன் கமரா நிறுவனமான லைக்காவின் மணிக்கூடுகள் கொஞ்சம் வேறு. 2018இல் எல்1, எல்2 என்று அறிவித்தார்கள், பிறகு இசட்எம்1, இசட்எம்2 ஆயின. சாவி கொடுத்து ஓடுபவை. வழக்கமான மணிக்கூட்டில் நேரம் மாற்றச் சாவிக் குமிழை வெளியே இழுப்போம். இதில் ஷட்டர் பொத்தானைப் போல உள்ளே அமுக்க வேண்டும். உடனே ஓட்டம் நின்று, விநாடி முள் பூச்சியத்துக்குப் போகும், டயலில் ஒரு சிறு புள்ளி சிவப்பாகும். மறுபடி அமுக்கினால் ஓடும்.

ஆனால் கமராவுக்கும் மணிக்கூட்டுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1954இல் வந்த லைக்கா எம்3 பிலிம் கமராவுக்குப் பற்றரியே கிடையாது. ஷட்டரின் துணித்திரையை இழுப்பது ஸ்பிரிங். அரை விநாடி, ஒரு விநாடி என்ற மெதுவான வேகங்களைத் தாமதப்படுத்துவது பற்சக்கரத் தொகுதி. அதன் சர்ரென்ற ஓசை கேட்டால் மணிக்கூடு ஞாபகந்தான் வரும்.

வாங்கலாமா? வெளியானபோது இசட்எம்1இன் விலை சுமார் 10,000 டொலர். மட்டக்களப்பில் வாவியோரம் இருப்பவர்களுக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது தெரிந்த கதை. ஈரமும் உப்புக்காற்றும் மணிக்கூட்டுக்கும் ஆகாது. பழுதானால் நம்மூர்க் கடையில் திறக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. அந்தக் காசுக்கு நல்ல பழைய எம்3 ஒன்றும், வேண்டியளவு பிலிம் றோலும் வாங்கிவிடலாம்.