மூத்தவர் என்றால் மேலாளரா?

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். வயது 31. எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்க நடந்த நேர்காணலுக்கு 53 வயதுள்ள ஒருவர் வந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். "நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டார்" என்றார் ஹெச்ஆர். நானும் மறுக்கவில்லை. அப்பா வயதுள்ளவரிடம் "இதை ஏன் இன்னும் முடிக்கல" என்று எப்படிக் கேட்பது? இத்தனை இளைஞர்கள் வேலையில்லாமல் இருக்கும்போது பெரியவர்கள் இடம் விட வேண்டியதுதானே என்றும் தோன்றுகிறது. ஆனால் மனசு உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

இடம் விடுவதைப் பற்றி முதலில். அரசு வேலையில் அந்த வாதத்துக்குப் பொருள் உண்டு. அங்கே பணியிடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. தமிழக அரசு 2020 மே மாதம் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கொதித்தது நியாயம்தான். (அந்த முடிவுக்குக் காரணம் அனுபவத்தின் மேல் வந்த திடீர் மரியாதை அல்ல, கஜானாவின் நிலைமை என்பது என் எண்ணம்.) உங்கள் நிறுவனத்தில் கதை வேறு. இவரை வேண்டாம் என்றால் அந்த இடம் வேலையில்லாத பட்டதாரிக்கா போகும்? இன்னொரு கம்பெனியில் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரருக்குத்தான் போகும்.

உங்களுடைய உண்மையான தயக்கம் "எப்படிக் கேட்பது" என்பதில் இருக்கிறது. நம் ஊரில் வயதே ஒரு பதவி. ஐம்பதைத் தாண்டியவர் ஒன்று மேலே உட்கார்ந்து உத்தரவு போட வேண்டும், இல்லாவிட்டால் எதையோ கோட்டைவிட்டவர். பக்கத்து மேஜையில் கோட் எழுதிக்கொண்டிருக்கும் 53 வயதுக்காரரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நமக்குத் தெரிவதில்லை. அதனால் ஐடியில் நாற்பதுக்குள் ஆளை மேலாளராக்கிவிடுகிறார்கள். பிறகு மேலாளர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அவர்களையே முதலில் வெளியே அனுப்புகிறார்கள். தொழிலாளர்களை ஆட்குறைப்பு செய்ய 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் சொன்ன பொது விதி இதற்கு நேர் எதிர். கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும்.

நான் கோவையில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தவன். அச்சு கட்டும் வார்ப்பு மண்ணின் ஈரத்தை லேபில் அளந்து சொல்வார்கள். அளவு சரியாகவே இருக்கும். ஆனால் அச்சு கட்டும் பழைய மோல்டர் ஒருவர் ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கி, இரண்டாக உடைத்து, உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஆகாது தம்பி, மண்ணு சூடா இருக்கு" என்பார். உலோகம் ஊற்றிய அச்சிலிருந்து திரும்பி வரும் மண் ஆறாமலே மிக்ஸருக்குள் போனால், லேபில் அளந்தபோது இருந்த ஈரம் அடுத்த அச்சு கட்டி முடிப்பதற்குள் போய்விடும். விளிம்பு உதிரும். உதிர்ந்த மண், வார்த்தெடுக்கும் காஸ்டிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த விளக்கமெல்லாம் அவர் சொன்னதில்லை, பதம் கைக்குத் தெரியும். புதிதாக வந்த டிப்ளமோ பையன்தான் அவர் பின்னாலேயே நின்று பார்த்து, ஈரத்தோடு மண்ணின் வெப்பத்தையும் ரெஜிஸ்டரில் குறிக்க ஆரம்பித்தான். ரிஜெக்‌ஷன் குறைந்தது. அதுவரை அவர் சொன்னது பெரியவர் ஏதோ முனகுகிறார் என்ற அளவில்தான் இருந்தது. அனுபவசாலிகளை மதிக்க வேண்டும் என்ற மேடைப்பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு பேரும் ஒரே மண்குவியல் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு தேயும், அதை மறுக்க முடியாது. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2007இல் இதை நேராகவே எதிர்கொண்டார்கள். பத்து வருடத்தில் தங்கள் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, அதே சராசரி வரும்படி ஒரு உற்பத்தி வரிசைக்கு ஆட்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மற்றவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பென்ஷன்காரர் லைன்'. என்ன வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களிடமே கேட்டார்கள். மரத்தரை, சலூனில் இருப்பதைப் போன்ற நாற்காலி, சின்ன பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி என்று சுமார் 70 மாற்றங்கள். ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. அதற்கு ஆன செலவோ ஒரு கார் தொழிற்சாலைக்குக் கைச்செலவு மாதிரி. மரத்தரை இருபத்தைந்து வயதுக்காரரின் முட்டிக்கும் இதமாகத்தான் இருக்கும்.

"எங்க காலத்துல" என்று ஆரம்பித்து எதையும் மாற்ற விடாதவர்கள் உண்டு. அவர்களோடு வேலை செய்வது கொடுமை. அப்படிப்பட்ட ஒருவர் இரண்டு கேள்வியில் வெளிப்பட்டுவிடுவார். உங்கள் ஆள் அப்படி இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. தன்னைவிட இருபது வயது இளையவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து தேர்வெழுதுவதுபோல் பதில் சொன்னவர், உங்களுக்குக் கீழே வேலை செய்வதைப் பற்றி யோசிக்காமலா வந்திருப்பார்? சம்பளம், பதவி, உங்கள் வயது, எதையும் அவரிடம் கேட்காமலே அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். வேலை தாமதமானால் "சார், இது ஏன் இன்னும் முடியல?" என்று கேட்கலாம். 'சார்' போட்டே கேட்கலாம், ஒன்றும் குறையாது. அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் ஹெச்ஆரிடம் பேசி அவரை மறுபடி கூப்பிடுங்கள்.