எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கும் தழைச்சத்து வேண்டும்

கேள்வி: 2025 மே மாசம் கொச்சிக்கு வெளியே கப்பல் மூழ்குனப்ப, "நம்ம கடல் சூடான கடல், எண்ணெய் கொட்டுனாலும் பாக்டீரியாவே தின்னுபோடும்"னு எங்க நார் மில்லுக்கு வந்த ஒருத்தர் அடிச்சுச் சொன்னாருங்க. நெசமுங்களா? நெசம்னா எண்ணூர்ல எதுக்கு ஆளுக வாளி வெச்சு அள்ளுனாங்க?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

நெசம்தானுங்க. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் எல்லாக் கடலிலும் உண்டு. கடலுக்கு எண்ணெய் புதிதல்ல. அடித்தரையின் வெடிப்புகளில் இருந்து காலங்காலமாகக் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அல்கானிவோராக்ஸ் என்று ஓர் இனம் இருக்கிறது. வடகடலில் போர்க்கும் என்ற ஜெர்மன் தீவுக்குப் பக்கத்தில் எடுத்து, 1998-இல் பெயர் வைத்தார்கள். சர்க்கரையை வைத்தால் தொடாது, எண்ணெய்தான் வேண்டும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் ஒரு பொருளைத் தானே சுரந்து, துளியின் மேல் ஒட்டிக்கொண்டு தின்னும். மண் நுண்ணுயிரியல் பாடம் நடத்திய காலத்தில், மாணவர்களுக்கு நான் அலுக்காமல் சொன்ன உயிர்களில் இதுவும் ஒன்று.

சூடும் கை கொடுக்கும். வெதுவெதுப்பான நீரில் எண்ணெய் இளகி நிற்கும், லேசான பகுதி காற்றில் போய்விடும், பாக்டீரியாவும் மளமளவென்று பெருகும். சரி, சூடு மட்டும் போதுமா?

உங்கள் தொழிலுக்கே வருகிறேன். நார்க்கழிவைக் குவித்து வைத்தால் வருஷக்கணக்கில் மக்காமல் கிடக்கிறதல்லவா? ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் போடச் சொல்கிறோமே, எதற்கு? அதில் கார்பன் மலைபோல இருக்கிறது, தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லை. கடலில் கொட்டிய எண்ணெயும் அப்படித்தான். அதில் கார்பனும் ஹைட்ரஜனும்தான் பெரும்பங்கு. பாக்டீரியா தன் உடம்பைக் கட்டிக்கொள்ளத் தேவையான தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கடல் நீரில் இருந்துதான் எடுக்க வேண்டும். வெப்பமான கடல்களின் மேல்மட்ட நீரில் பெரும்பாலும் இவை இரண்டும்தான் பற்றாக்குறை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் ஒதுங்கிய கரைகளுக்கு உரமே தெளித்தார்கள். தெளித்த இடத்தில் கற்கள் சீக்கிரம் வெளுத்தன. அப்படியும், கற்களுக்கு அடியில் இறங்கிவிட்ட எண்ணெய் பல வருஷம் கழித்துத் தோண்டியபோதும் வந்தது.

அப்புறம் காற்று. 1991 வளைகுடாப் போரில் கொட்டிய எண்ணெய் சவுதிக் கரையின் நண்டு வளைகள் வழியாகச் சேற்றுக்குள் இறங்கியது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அங்கே அது இளகிய எண்ணெயாகவே கிடந்தது. அந்த ஊரில் சூட்டுக்கா பஞ்சம்? சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, 5 டிகிரி குளிர் நீரிலும் பாக்டீரியாக்கள் பெருகி வேலை செய்தன. அங்கே எண்ணெய் பொடிப்பொடித் துளியாகச் சிதறியிருந்தது, நீரில் ஆக்சிஜனும் இருந்தது.

எண்ணூருக்கு வருவோம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரைக்கு வந்தது, கப்பல் எஞ்சினில் எரிக்கிற கனத்த எண்ணெய். அதிலுள்ள தார் போன்ற பகுதியில் பாக்டீரியாவுக்குப் பல் இறங்காது. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளியது அதைத்தான். அள்ளிய கசடைப் பிறகு குழியில் போட்டு, பாக்டீரியா கலந்து மக்கவிட்டார்கள். முதலில் மனிதன் அள்ள வேண்டும், மிச்சம்தான் பாக்டீரியாவுக்கு. பாக்டீரியாவுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். பங்குனி ஆமை முட்டையிட அந்தக் கரைக்கு வருவதோ தை, மாசியில். "கடல் தானே பார்த்துக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்கள் மில்லுக்கு வந்தவரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணெய் தின்கிற பாக்டீரியா கடலில் மட்டும்தானா? டிராக்டர் டீசலைத் தின்னாதுங்களா?
- ஒரு வாசகி, வெள்ளகோவில்

தின்னும், அம்மணி. என் மச்சினர் தோட்டத்தில் ஓட்டாமல் நின்ற டிராக்டரின் ஃபில்டரைக் கழற்றியபோது, மடிப்புகளுக்கு நடுவே பழுப்பும் கறுப்புமாகக் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. விரலில் எடுத்தால் நூல் மாதிரி இழுபட்டது. பாக்டீரியாவும் பூஞ்சையும் கூடி வளர்ந்த படலம் அது. தண்ணீர் கலக்காத டீசலில் இவை பெருகாது. டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில்தான் குடியிருக்கும். பாதி டேங்க்கோடு வண்டியை நிறுத்தினால், மார்கழிப் பனியில் உள்சுவர் வேர்த்துத் தண்ணீர் சேரும். அதனால் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி வையுங்கள். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தண்ணீர் நின்று சுத்தமான டீசல் வரும் வரை வடித்துவிடுங்கள். வடித்ததை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். ஒரு பழைய கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.