ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டில் மறுபிறவி எடுத்தவருக்குப் பழைய நினைவு ஏன் வருவதில்லை?

இறந்தவரின் ஆன்மா, உயிராற்றல் பெருக்கான ஈதர் கடலில் கலக்கிறது. அங்கே நினைவுகள் கரைந்துபோக, ஆன்மா மட்டும் புதிய உடலுக்குத் திரும்புகிறது. ஆதி உலகம் 14 துண்டுகளாகச் சிதறியபோது ஆன்மாக்களும் சிதறின. ஆதி மனிதர்களில் ஒருவரான ஆசெமின் சிதறிய ஆன்மாவின் ஒரு பகுதிதான், நாம் ஆடும் கதாநாயகருக்குள் இருக்கிறது. ஆசெமாக வாழ்ந்த ஒரு நாள்கூட அவருக்கு நினைவில்லை.

டர்பனில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்து, 'தாத்தாவே வந்துவிட்டார்' என்று கொஞ்சுகிறோம்; பழைய கதையை அவனிடம் கேட்பதில்லை. எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது.

நினைவை மீட்கவும் வழி உண்டு. ஆதி மனிதர்களின் நினைவுகளைப் படிகக் கற்களில் சேமித்து, மறுபிறவி எடுத்தவருக்கு ஊட்டுகிறார்கள். ஏமோன் என்ற பாத்திரத்துக்கு அப்படி, முற்பிறவியில் தான் இருந்த ஹெர்மீஸ் என்ற ஆதி மனிதரின் நினைவுகள் வந்தன. என்றாலும் தன்னை ஏமோன் என்றே அவர் கருதுகிறார்.