‘நெஞ்சு ஏறி இறங்குதே சிஸ்டர்?’

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியார் மருத்துவமனை ஐசியுவில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வருகிறவர்கள் அதிகம். மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, சொந்தக்காரர்கள் எங்களைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். உறுப்புதானம் பற்றி நான் பேச்சை எடுக்கலாமா? ‘இதுக்குத்தான் சீக்கிரம் முடிச்சுட்டீங்களா’ என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எங்களுக்குள்ளேயே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம். பல வருடம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்தவன், இப்படிச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011இல் திருத்தியபோதே, தானம் என்று ஒரு வழி இருப்பதைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பை ஐசியு டாக்டரிடமும் ஒருங்கிணைப்பாளரிடமும் கொடுத்துவிட்டார்கள். உங்களுடைய வேலை அதற்கு முந்தியது. அது சரியாக நடக்கவில்லை என்றால், அப்புறம் யார் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் பலன் இருக்காது.

நான் பார்த்தவரை ‘வேண்டாம்’ என்று சொன்ன குடும்பங்களில் பலவற்றுக்கு தானத்தின் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆள் இறந்துவிட்டார் என்பதையே அவர்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? உடம்பு சூடாக இருக்கிறது. மானிட்டரில் கோடு ஓடுகிறது. யூரின் பை நிறைகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. போதாததற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே குழப்புகிறது. ‘மூளைச்சாவு’ என்றதும், மூளை மட்டும்தான் போயிருக்கிறது, மிச்சமெல்லாம் நன்றாக இருக்கிறது, மூளையையும் எப்படியாவது சரி செய்துவிடலாம் என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. ‘மூளைதானே சார், மெட்ராஸுக்குக் கொண்டு போனா பார்க்க மாட்டாங்களா?’ என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டிருக்கிறார்.

நம் ஊரில் சாவுக்கு அடையாளம் மூச்சு. ‘மூச்சு அடங்கிருச்சு’ என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் எந்த விளக்கமும் வேண்டியதில்லை. அதனால் நான் மூளையில் தொடங்குவதை விட்டுவிட்டு மூச்சிலிருந்து தொடங்கினேன். மூளைச்சாவு என்பது மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் இறந்துபோவது. அதை உறுதி செய்யும் சோதனைகளில் ஒன்று, வென்டிலேட்டரின் உதவியை நிறுத்திவிட்டு, ஆக்ஸிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்கும்படி வைத்து, நோயாளி தானாக மூச்சு இழுக்கிறாரா என்று பார்ப்பது. அதை வீட்டாரிடம் இப்படிச் சொல்லலாம்: ‘மெஷினை நிறுத்திட்டுப் பார்த்தோம்மா. ரத்தத்துல கரியமில வாயு ஏறினா உயிரோட இருக்கிற யாரும் மூச்சு இழுக்காம இருக்க முடியாது. அவர் ஒரு மூச்சுகூட இழுக்கலை. ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடியும் பார்த்தோம். அப்பவும் இழுக்கலை. அவர் மூச்சு அடங்கிருச்சு. இப்ப ஏறி இறங்குறது மெஷின் தள்ளுற காத்து.’ இதயம் துடிக்கிறதே என்று கேட்டால், இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே உண்டாக்கும் தன்மை உண்டு, ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை அது கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் மெஷின் இருந்தாலும் நின்றுவிடும் என்று சொல்லலாம். கோமாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு வேலை செய்யும், அவர் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. மூளைத்தண்டு இறந்துவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

கை விரல் அசைவதையும் மறக்காதீர்கள். முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலால் மூளைச்சாவுக்குப் பிறகும் சிலருக்குக் கை, கால் லேசாக அசையும். முன்கூட்டியே சொல்லாமல் விட்டு, நடுராத்திரியில் அம்மா அதைப் பார்த்துவிட்டால், நீங்கள் பகலெல்லாம் பேசியது அத்தனையும் பொய்யாகிவிடும்.

சந்தேகம் வரும் என்று பயப்படுகிறீர்கள். வரத்தான் செய்யும், வருவதில் தப்பும் இல்லை. அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். சிகிச்சை கொடுத்த டாக்டர் அதில் ஒருவர். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவினர் யாரும் அதில் இருக்கக் கூடாது. இரண்டு முறை சோதனை, நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம். இரண்டாவது சோதனை முடியும்வரை ‘தானம்’ என்ற சொல் உங்கள் ஐசியுவில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. சாவுச் செய்தியையும் தானப் பேச்சையும் ஒரே உட்காருதலில் சொல்லி முடிக்கிற அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. சொல்லிவிட்டுக் கொஞ்சம் விலகி நில்லுங்கள். அழட்டும். ஊருக்குப் போன் போட்டு ‘இல்லாம போயிட்டான்’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். ‘உடம்பு எப்பக் கிடைக்கும்?’ என்று யாராவது கேட்டால், சாவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஒருங்கிணைப்பாளர் உள்ளே வர வேண்டிய நேரம் அதுதான். அந்தக் கேள்வி பெரும்பாலும் நர்ஸிடம்தான் வரும், அதனால் அதைக் கவனித்துச் சொல்ல உங்களால்தான் முடியும்.

உங்களுக்குள் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். ஒரு மருத்துவமனையில் நான் கண்டது இது. காலையில் டாக்டர் உட்கார்ந்து நிதானமாக எல்லாம் சொன்னார். மனைவி அழுது தேறி, மாலையில் தானத்துக்குச் சம்மதிக்கிற இடத்துக்கு வந்திருந்தார். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வந்த பையன், ஆறுதலாகத்தான் சொன்னான்: ‘கவலைப்படாதீங்கக்கா, பிபி நல்லாத்தான் இருக்கு.’ அவ்வளவுதான். விடிவதற்குள் நாற்பது பேர் வாசலில் நின்றார்கள். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அதனால் ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ரிப்போர்ட்டில், மருந்தோடும் அளவுகளோடும் சேர்த்து இன்னொரு வரி இருக்கட்டும்: வீட்டாரிடம் யார், எத்தனை மணிக்கு, எந்த வார்த்தையில் சொன்னார் என்று. செக்யூரிட்டிக்கும் ஆயாம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘மெஷினாலதான் உயிர் நிக்குது’, ‘இன்னும் உயிரோட வச்சிருக்கோம்’ மாதிரிப் பேச்சுகள் அன்றிலிருந்து கிடையாது. உறுப்பு எடுப்பதை வீட்டார் காதுபட ‘ஹார்வெஸ்ட்’ (அறுவடை) என்பதும் வேண்டாம். அப்புறம், ஏதாவது ஒரு மத்தியானம் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு டீயோடு அரை மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். நம் ஆட்களிலேயே மூளைச்சாவை உள்ளூர நம்பாதவர்கள் உண்டு. சீனியர் டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தச் சந்தேகம் வீட்டார் முன்னால் வெளிவருவதற்கு டீக்கடை பெஞ்ச் மாதிரி ஓர் இடத்தில் வெளிவருவது மேல். ‘நீங்க உங்க வீட்ல சொல்லி வச்சிருக்கீங்களா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். உறுப்புதான அட்டையில் கையெழுத்துப் போட்டவர்கள்கூட முழிப்பார்கள். அட்டை இருந்தாலும் கடைசியில் நாம் கேட்கப்போவது வீட்டாரைத்தான். வீட்டில் சொல்லாத அட்டை பர்ஸிலேயே கிடக்கும்.

பழகிக்கொள்ள கண்தானம் நல்ல இடம். வார்டில் சாதாரணமாக இறப்பவர்களின் குடும்பத்திடம், டாக்டருக்கும் தெரியப்படுத்திவிட்டு, நீங்களே கேட்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும், அரை மணிக்கும் குறைவான வேலை. கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை நோய் இருந்தவர் யாரும் கொடுக்கலாம். நம் மக்களுக்குப் பழகிய விஷயம் என்பதால் கோபித்துக்கொள்பவர்கள் குறைவு. நாலு பேரிடம் கேட்டுவிட்டால் உங்கள் தயக்கமும் போய்விடும்.

குடும்பத்தில் யாரிடம் பேசுவது என்பதில் சட்டத்துக்கும் நடப்புக்கும் கொஞ்சம் தூரம். சட்டப்படி கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்திகள் நெருங்கிய உறவு. நடப்பில் பெரியப்பாவோ தாய்மாமனோ ஊர்ப் பெரியவரோ வெளியே நின்று முடிவெடுப்பார், கையெழுத்துப் போட வேண்டிய மனைவி படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். கடைசியில் வந்து சேருகிறவர்தான் பெரும்பாலும் ‘கூடாது’ என்பார், ஏனென்றால் முதல் நாளிலிருந்து நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. வளைகுடாவிலிருந்து தம்பி வருகிறான் என்றால், உடம்பின் நிலை இடம் கொடுக்கும்வரை, அவன் வரட்டும்.

அவர்கள் கேட்கப்போகும் மற்றவற்றுக்கு நேரான பதில் வைத்திருங்கள். உடம்பு சிதையாது, தைத்துத்தான் கொடுப்பார்கள், முகம் பார்க்கலாம். நேரம் ஆகும், பாதி நாளோ அதற்கு மேலோ. ‘சாயங்காலம் எடுத்துரலாம்’ என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். விபத்து கேஸ் என்றால் போலீஸும் போஸ்ட்மார்ட்டமும் தானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உண்டு. 2021 நவம்பரிலிருந்து வசதியுள்ள இடங்களில் இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம். சம்மதித்த பிறகு உடம்பைப் பராமரிக்கவும் உறுப்பை எடுக்கவும் ஆகும் செலவைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. அதற்கு முந்தைய பில்லைத் தானத்தோடு முடிச்சுப் போடுகிற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். உறுப்புக்குப் பணம் கைமாறினால் ஐந்து முதல் பத்து வருடம் சிறை. உறுப்பு யாருக்குப் போகும் என்பதைக் காத்திருப்போர் பட்டியலை வைத்து, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் முடிவு செய்யும். உறுப்புதானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு 2023 செப்டம்பரில் அறிவித்த அரசு மரியாதை பல குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதைச் சம்மதம் வாங்குவதற்கு முன்னால் தூண்டில் மாதிரி நீட்டுவது எனக்குப் பிடிக்காது. ‘அடுத்த ஜென்மத்துல கண்ணில்லாம பொறந்துட்டா?’ என்று கேட்டால் வாதம் செய்யாதீர்கள். அவர்கள் நம்புகிற பூசாரியோ பாதிரியாரோ இமாமோ இருந்தால் அவரிடம் போனில் கேட்கச் சொல்லுங்கள்.

2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் செய்ததைப் பலரும் உதாரணம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மக்கள் மனசைத் திறந்தது அந்தப் பையன்தான். ஆனால் அவன் பெற்றோர் இருவரும் டாக்டர்கள். மானிட்டரும் சோதனையும் என்ன சொல்கின்றன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் முன்னால் நிற்கும் கட்டடத் தொழிலாளிக்கு அதே நாளில் அதே பக்குவம் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘அவங்க கொடுக்கலையா?’ என்று கேட்பது குத்திக்காட்டுவதாகத்தான் முடியும்.

சரி, ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் தனியாக இருக்கும்போது அவர்களே ‘உறுப்பு குடுக்கலாமாமே சிஸ்டர்?’ என்று கேட்டால்? ‘கொடுக்கலாம்ணே. இதை முழுசாச் சொல்றவர் ஒருத்தர் இருக்கார், இப்பவே போன் பண்றேன். அவர் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்’ என்று சொல்லிவிட்டு, போனைப் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஒருங்கிணைப்பாளர் வந்து பேசிய பிறகு அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும்.