முப்பத்தைந்து சென்ரிமீற்றர்

அன்புள்ள ஐயா,

நான் திருவள்ளூர் பக்கம். சித்ரோயன் கார் தொழிற்சாலை எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனியை நிறுவிய ஆந்த்ரே சித்ரோயனைப் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஊக்கம் தர வேண்டும் என்பது என் ஆசை. ஆறு வயதில் தந்தையை இழந்தது அவருக்கு எப்படி உந்துசக்தி ஆனது என்பதிலிருந்து, ஐஃபெல் கோபுரத்தில் தன் பெயரை விளக்குகளால் எழுதியது வரை நிறையத் திரட்டிவிட்டேன். முதல் அத்தியாயத்தைக் கோபுரத்திலிருந்து தொடங்கலாமா, போலந்தில் அவர் பார்த்து முதல் தொழிலாக்கிய பல்சக்கரத்திலிருந்தா? நீங்கள் பாரிஸில் இருப்பதால் கேட்கிறேன். இன்னொன்று. சித்ரோயனின் ‘எச்’ என்ற அந்த நெளிதகர வேன் ஜெர்மன் விமானத்தைப் பார்த்து அடித்த காப்பி என்கிறார்களே, உண்மையா? ஃபோக்ஸ்வாகன் வேனோடு ஒப்பிட்டால் எனக்கு அது அசிங்கமாகத்தான் தெரிகிறது. வேன்களுக்குத் தனி அத்தியாயம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ச.

அன்புள்ள தம்பி ச.,

அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் வந்திருக்கும். எழுதிவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள்.

சில வாரங்களாகவே இந்த வான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பால் நிறப் பெயின்ற், உள்ளே ஷாம்பெய்ன் போத்தல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் இன்றைய வான் ஒன்றுக்குப் பழைய முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தால் நெளிவுத் தகடு, தட்டை மூக்கு எல்லாம் பொருத்தித் தருவார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு தெரிகிறது.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டதை உந்துசக்தி என்று எழுதாதீர்கள். ஆந்த்ரேயின் தகப்பனார் அம்ஸ்ரர்டாமிலிருந்து வந்த யூத வைர வியாபாரி. 1884இல் இறந்தபோது இந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. அது ஒரு வீட்டின் மரணம், தன்னம்பிக்கைப் புத்தகத்துக்கான கச்சாப்பொருள் அல்ல. உங்களுக்குச் சின்ன வயது என்பது எழுத்திலேயே தெரிகிறது. இந்த வயதில் யாரும் கேட்காமலே முழுப் புத்தகம் எழுத உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்காகவே இதைக் கோபமாகச் சொல்கிறேன். எதையும் பாடமாக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

விமானக் காப்பி கதையில் மண்டையை உடைக்க வேண்டாம். யுங்கர்ஸ் என்ற ஜெர்மன் கொம்பனியின் விமானங்களுக்கு நெளிதகடு போர்த்தியிருந்தார்கள், இந்த வானுக்கும் நெளிதகடு. மெல்லிய தகட்டை நெளித்தால் அதிக எடை இல்லாமல் விறைப்பாக நிற்கும். கூரைத் தகரம் போடுகிற எவருக்கும் தெரிந்த சங்கதி. போருக்குப் பிந்திய பிரான்ஸில் அதுதான் மலிவான வழியும்கூட. அசிங்கம் என்றால் அசிங்கம்தான், தகரக் கொட்டிலுக்குச் சில்லுப் பூட்டினதுபோல் இருக்கும். இருக்கட்டுமே. ஃபோக்ஸ்வாகன் வான் அழகுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அதன் எஞ்சின் பின்பக்கம். பின்கதவைத் திறந்தால் சாமானை எஞ்சின் பெட்டிக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டோம். தூக்குவதுதான் விஷயம்.

1980களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வந்த எங்களில் பலர் உணவகங்களில் கோப்பை கழுவினோம். எனக்கு முதலில் கிடைத்தது சந்தை வேலை. பாரிஸின் புறநகர்களில் வாரச் சந்தைகள் கூடும். விடிய முன்னம் கடை விரித்து, மத்தியானத்துக்குள் மூட்டை கட்ட வேண்டும். என் முதலாளி சீஸ் வியாபாரி, ஓவெர்ன் மலைப்பக்கத்து ஆள். என்னோடு பேசியது குறைவு, ஆனால் மனைவி கொடுத்துவிட்ட சாப்பாட்டில் பாதியை எதுவும் சொல்லாமல் என் பக்கம் தள்ளிவைப்பார். அவரிடம் இருந்தது சித்ரோயன் எச். நெளிதகர வான். அப்போது அது உற்பத்தியிலிருந்து நின்றுபோயிருந்தது, ஆனாலும் சந்தைக்குச் சந்தை பார்க்கலாம்.

அவர் ஊர் சீஸ் பெரிய உருளையாக வரும், ஒன்று நாற்பது கிலோ அளவில். கட்டிப்பிடித்து வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். அப்படியே நடந்து வந்து, வானுக்குள் ஒரு காலை எடுத்து வைத்து ஏறிவிடுவேன். குனியத் தேவையில்லை, உள்ளே ஆறடி உயரம். தட்டில் வைத்துவிட்டு இறங்குவேன். மாடிப்படி ஒன்று ஏறி இறங்குகிற வேலை, அவ்வளவுதான்.

பிறகு இன்னொருவரிடம் வேலைக்குப் போனேன். அவரிடம் வேறு கொம்பனி வான், பெயர் வேண்டாம். அதன் தளம் என் இடுப்புக்கு வரும். உருளையை இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி, விளிம்பில் வைத்துத் தள்ளி, பிறகு நானும் தொற்றி ஏறி, கூனிக்கொண்டு உள்ளே இழுக்க வேண்டும். என் முதுகு பழுதானது அந்த வானில்தான்.

எச் வானின் தளம் தரையிலிருந்து 35 சென்ரிமீற்றர். முழங்காலுக்குக் கீழே. இந்த ஓர் அளவுக்காக உங்கள் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் கேட்கிறேன், சண்டை பிடித்தென்றாலும் கேட்பேன்.

அந்த 35 எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துப் பெரும்பாலான வான்களில் எஞ்சின் முன்னால் இருக்கும், இழுவை பின்சில்லில். இரண்டையும் இணைக்க ஒரு நீளத் தண்டு அடியால் போகும், அதன் முடிவில் பின்னச்சில் ஒரு பெரிய பல்சக்கரக் குடம். சாமான் வைக்கிற தளம் இதெல்லாவற்றுக்கும் மேலேதான் வர முடியும். முன்சில்லே இழுத்தால் அடியில் ஒன்றுமே இல்லை. பின்னால் சும்மா உருளுகிற இரண்டு சில்லு. தளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம்.

முன்சில் இழுவையைச் சித்ரோயனுக்குள் கொண்டுவந்தது உங்கள் கதாநாயகர்தான். 1934இல் வெளிவந்த த்ராக்ஸியோன் அவான் கார். அதற்காகப் பாரிஸில் ஜாவெல் என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையையே இடித்துப் புதிதாகக் கட்டினார். உலகமெங்கும் வியாபாரம் படுத்திருந்த நேரம். கார் முழுதாகத் தயாராக முன்னரே சந்தைக்குத் தள்ளினார், பழுதுகள் வந்தன, கடன் கழுத்தை இறுக்கியது. அந்த டிசம்பரிலேயே கொம்பனி முறிந்தது. கடன் கொடுத்தவர்களில் ஆகப் பெரியதான ரயர்க் கொம்பனி மிஷெலின் கைக்கு எல்லாம் போனது. அடுத்த ஜூலையில் வயிற்றுப் புற்றுநோயில் ஆந்த்ரே இறந்துபோனார். கோபுரத்து விளக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் திட்டம் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

மூடாதீர்கள். மிஷெலின் அனுப்பி வந்தவர்களில் ஒருவர் பியர் பூலான்ஜே. படாடோபம் இல்லாத ஆள். வான் செய்ய முடிவெடுத்தவுடன் அவர் செய்த வேலை, அதை வாங்கப்போகிறவர்களிடம் ஆள் அனுப்பி விசாரித்தது. பேக்கரிக்காரர், இறைச்சிக்கடைக்காரர், சந்தை வியாபாரி. உங்களுக்கு என்ன கஷ்டம்? உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சாமானை உயரத் தூக்க வேண்டியிருக்கிறது. நெருக்கமான தெருவில் பக்கக் கதவைத் திறக்க இடமில்லை. இதெல்லாம் கேட்டபின் 1939இல் ட்யூப் என்ற வானைக் கொண்டுவந்தார்கள். முன்சில் இழுவை, தாழ்ந்த தளம், நிற்கிற உயரம், பக்கத்தில் வழுக்கித் திறக்கிற கதவு. போர் வந்தது, இரண்டாயிரம்கூடச் செய்யவில்லை, 1941இல் நின்றுவிட்டது.

ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் இதே பூலான்ஜே அவர்களுக்குச் செய்து கொடுத்த லொறிகளின் எண்ணெய் அளவுகோலில் கோட்டை மாற்றிப் போடச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. எண்ணெய் குறைந்திருந்தாலும் நிறைவாகக் காட்டும், றோட்டில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றுவிடும். இங்கே பழைய மெக்கானிக்குகள் இதை ரசித்துச் சொல்வார்கள். உங்கள் இளைஞர்களுக்குச் சாகசம் வேண்டுமென்றால் இதைப் போடுங்கள்.

போர் முடிந்து 1947 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் எச் வானைக் காட்டினார்கள், அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. ட்யூபின் அதே யோசனை, த்ராக்ஸியோனின் 1.9 லீற்றர் எஞ்சின், நெளிதகடு. பின்கதவு மூன்று துண்டு. மேல்துண்டு கூரைபோல உயரும், கீழே இரண்டு சிறு கதவுகள். மழையில் அந்த மேல்துண்டுக்குக் கீழே நின்று சாமான் இறக்குவதன் அருமை அப்படி நின்றவனுக்குத்தான் தெரியும். வேகம்? ஆரம்பத்தில் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தொடாது. கடைசிவரைக்கும் மூன்றே கியர்தான். யாரும் கவலைப்படவில்லை. 1981 வரை முப்பத்துமூன்று வருடம் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது, நான்கு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். பொலிஸ் வைத்திருந்தது, அம்புலன்ஸாக ஓடியது, மாடுகூட ஏற்றினார்கள்.

இன்னொன்றையும் நான் சந்தையில் நின்றுதான் கவனித்தேன், எந்த நிபுணரும் சொன்னதில்லை. பக்கத்துத் தகட்டை மேலே தூக்கிவிட்டால் வானே கடையாகிவிடும். முதலாளி வானுக்குள் நிற்பார், வாங்க வந்த கிழவி தெருவில் நிற்பாள். தளம் தாழ்வு என்பதால் இருவர் முகமும் கிட்டத்தட்ட நேருக்கு நேர். கிழவி காதுக்குக் கிட்டத்தில் மகனைப் பற்றிக் குறை சொல்வாள், இவர் ஒரு சீவல் வெட்டிக் கத்தி நுனியிலேயே சுவைக்கக் கொடுப்பார். உயர வானில் கடை போட்டவர்களைப் பாருங்கள். மேலேயிருந்து குனிந்து பேசுவார்கள், வாங்குகிறவள் அண்ணாந்து பார்த்துக் காசை நீட்டுவாள். வியாபாரம் நடக்கும், பேச்சு நடக்காது.

கல்யாண மண்டபத்து வாசலில் எனக்கு வந்த எரிச்சலும் இதனால்தான். நெளிவை வைத்துக்கொண்டார்கள், மூக்கை வைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு வாங்கிய இறைச்சிக்கடைக்காரனும் பேக்கரிக்காரனும் எங்கே? அவர்களுடைய முறைப்பாட்டிலிருந்து பிறந்த வண்டி அது.

சித்ரோயனின் 2சிவி என்ற மலிவுக் காரின் சிறிய வான் 1951இல் வந்தது. 250 கிலோ ஏற்றும். தபால்காரரின் மஞ்சள் வான் என்று பிரெஞ்சுக்காரர் இன்றும் உருகுகிறார்கள், பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. பூலான்ஜே அதைப் பார்க்கவில்லை, 1950 நவம்பரில் கார் விபத்தில் இறந்துவிட்டார். அதுவும் த்ராக்ஸியோன் காரில். பிறகு சித்ரோயனைப் பேஜோ கொம்பனி வாங்கியது, ஃபியற்றோடு கூட்டுச் சேர்ந்து இத்தாலியில் வான் செய்தார்கள், இன்றைக்கு எல்லாமே ஸ்டெலாண்டிஸ் என்ற ஒரே குழுமம். இந்தப் பங்குக் கணக்கை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் நான் படிக்க மாட்டேன். எச் வானுக்கு அடுத்து வந்த சி25உம் முன்சில் இழுவைதான், தாழ்ந்த தளந்தான். அதே வானை ஃபியற் டுகாற்றோ என்ற பெயரில் விற்றது. அந்த டுகாற்றோவை இன்று ஐரோப்பாவில் விடுமுறை வீடாக மாற்றி ஓட்டித் திரிகிறார்களே, உள்ளே நிமிர்ந்து நின்று தேத்தண்ணி போட முடிவது அதனால்தான். அதை மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் ஊர்த் தொழிற்சாலை பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள், எனக்கு அதில்தான் ஆவல். முன்னர் அது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இடம், மிற்சுபிஷி லான்ஸர் செய்தார்கள் அல்லவா? 2017இல் அம்பாசடர் என்ற பெயரையே எண்பது கோடி ரூபாய்க்குப் பேஜோவுக்கு விற்றார்கள். 2022இலிருந்து அங்கே சித்ரோயனின் சி3 கார். அங்கே வேலை செய்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். லான்ஸர் காலத்தில் உள்ளே நுழைந்து சித்ரோயன் காலத்தில் ஓய்வுபெற்ற ஒரு பிற்றர் கிடைத்தால் விடாதீர்கள். பாரிஸில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கேட்பதைவிட அவரைக் கேட்டால் உங்களுக்கு நல்ல அத்தியாயம் ஒன்று அமையும்.

கோபுரமா, பல்சக்கரமா என்று கேட்டிருந்தீர்கள். எதுவானாலும் சரி. கோபுரத்தைப் போடுவதானால் 1925, இரண்டரை லட்சம் பல்ப், செய்து கொடுத்தவர் ஜாக்கோபோஸி என்று விவரத்தோடு போடுங்கள், சும்மா ‘மின்னியது’ என்று எழுதாதீர்கள். ஜாவெலில் தொழிற்சாலை இருந்த இடம் இப்போது அவர் பெயரில் பூங்கா. படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்புகிறேன், முதுகு ஒத்துழைக்கிற நாளில்.

வான் அத்தியாயத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு விடியக்காலை கோயம்பேடு போய், மூட்டை ஏற்றுகிற வண்டி நாலைந்தின் தள உயரத்தை அளந்து, ஏற்றுகிறவர்களிடம் என்ன வயது, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிடிஎஃப் வேண்டாம், கண் பிடிக்காது. தாளில் அச்செடுத்துத் தபாலில் போடுங்கள்.

அன்புடன்.