உபரி கரண்ட்ட கேஸா மாத்துற கணக்கு: பதில்

நண்பரே, வீணாப் போற சோலார், காத்தாலை கரண்ட்டுக்கு விலை பூஜ்யம்னு போட்டும், அதை ஹைட்ரஜன், மீத்தேன் கேஸா மாத்துற ப்ராஜெக்ட்டோட லாப-நஷ்டக் கணக்குல நஷ்டமே வருது, எங்க தப்புன்னு கேட்டிருந்தீங்க. அந்த பூஜ்யத்துலதான் சிக்கலே. உபரி கரண்ட் வருஷத்துல கொஞ்ச மணி நேரம்தான் கிடைக்கும், அப்ப மட்டும் ஓட்டினா எலக்ட்ரோலைசருக்கு (கரண்ட்டால தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்குற மெஷின்) போட்ட முதல் திரும்பாது, சரி நாள் முழுக்க ஓட்டலாம்னு கிரிட்ல இருந்து இழுத்தா அதுக்காக எங்கயோ நிலக்கரி கூடுதலா எரியும், அந்தப் புகையால ஊருக்கு வர்ற பாதிப்பையும் சமூகச் செலவுல சேர்த்தே ஆகணும். மணிக்கு மணி கணக்குப் போடுங்க, வருஷ சராசரி ஏமாத்தும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50-55 யூனிட் போகுது, அதுல கிடைக்கிற எரிசக்தி 33 யூனிட்தான். அந்த ஹைட்ரஜனை மீத்தேனா மாத்தினா அதுலயும் அஞ்சுல ஒரு பங்கு போயிரும். அதனால பகல்-ராத்திரி சேமிப்புக்கு பேட்டரிதான் சரி. மாசக்கணக்குல சேமிக்கிறது, இருக்குற கேஸ் பைப்பையே பயன்படுத்துறது, இங்கதான் உண்மையான லாபம், அதைத் தனி வரியா காட்டுங்க.

மீத்தேன் கசிவை விட்டுட்டீங்க பாருங்க, 20 வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 80 மடங்கு சூடாக்கும், கொஞ்சம் கசிஞ்சாலும் பலன்ல பெரிய ஓட்டை. அப்புறம் இந்த ப்ராஜெக்ட்டுக்குக் குடுக்குற மானியத்தை எல்லாரோட கரண்ட் பில்லுல ஏத்தினா சின்ன வீட்டுக்காரங்கதான் சுமப்பாங்க, எனக்கு அதுதான் பெரிய கவலை. யார் குடுக்குறா யாருக்குக் கிடைக்குதுன்னு ஒரு டேபிள் கண்டிப்பா போடுங்க.